அண்ணியின் பைட்டர் மீன்

மீனை வலையில் பார்த்திருக்கிறோம், கூடையில் பார்த்திருக்கிறோம், சட்டியில் பார்த்திருக்கிறோம். பாட்டிலில் வைத்து வளர்க்கிற மீனை எங்கள் குப்பத்தில் அண்ணி வந்த பிறகுதான் பார்த்தோம். இப்போது பொன்னேரிக் கடைத்தெருவிலேயே பிளாஸ்டிக் டம்ளர்களில் பைட்டர் மீன்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று. அந்த ஒரு மீனால் ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அதற்குக் காரணம் நான். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேட்டில் இருந்தது. பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவும் அண்ணனும் ஏரியில் வலை போடுவார்கள். அம்மா பிடித்ததைக் கூடையில் சுமந்துபோய் விற்றுவிட்டு வருவாள். மாசி மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணி பட்டணத்துப் பெண், காசிமேட்டுப் பக்கம். அவளுடைய அப்பாவும் கடலுக்குப் போகிறவர்தான் என்பதால் சம்பந்தம் எளிதாக முடிந்தது.

அண்ணி மறுவீடு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. படகிலிருந்து இறங்கும்போது டிரங்குப் பெட்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். கையில் ஒரு கண்ணாடி பாட்டிலை மட்டும் வைத்திருந்தாள். பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி அகல வாய்ப் பாட்டில். வாயைக் கொசுவலைத் துணியால் கட்டியிருந்தது. உள்ளே மயில்கழுத்து நிறத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மீன். உடம்பைவிட வால் பெரியது. திரும்பும்போதெல்லாம் அந்த வால் ஒருமுறை விரிந்து பிறகு மெதுவாக அடங்கும். அண்ணிக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது அவள் அப்பா சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அப்போதிருந்த பழைய மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்ததாம்.

அம்மா பாட்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"துன்றதுக்கும் ஆவாது, விக்கறதுக்கும் ஆவாது. இத வெச்சினு இன்னா பண்றது?"

"பாத்துனு இருக்கலாம் அத்தை" என்றாள் அண்ணி.

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

அண்ணி யாரையும் பாட்டிலைத் தொட விடமாட்டாள். நான் தூர நின்று பார்த்துப் பார்த்தே அவள் செய்கிறதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் நாளே ஒரு சின்ன மண்சட்டியில் தண்ணீர் எடுத்து மூடி வைப்பாள். மறுநாள் அந்தத் தண்ணீரைத்தான் மாற்றுவாள். பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டமாட்டாள், பாதியை மட்டும். இரண்டே இரண்டு கல் உப்பு போடுவாள். சருகாகிப்போன வாதாமர இலை ஒரு துண்டு போடுவாள், தண்ணீர் லேசாக டீ நிறத்துக்கு வரும். அந்தச் சாறு மீனின் றெக்கைக்கு நல்லது என்பாள். துடுப்பை அவள் றெக்கை என்றுதான் சொல்வாள். பின்பக்கம் தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய சட்டியில் நெளிகிற கொசுப்புழுவில் நாலைந்து போடுவாள், அதற்கு மேல் போடமாட்டாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவர்கள் முந்தானை ஓரத்தைப் பார்க்கிற மாதிரி, வால் ஓரம் முழுக்கப் பார்ப்பாள். எங்கேயும் கிழிசல் இல்லை, வெளுப்பு இல்லை என்றால்தான் பலகையில் வைப்பாள்.

சிக்கல் தண்ணீரில்தான் தொடங்கியது. எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், ஆனால் கடலைப் போல ஏரியும் உப்புதான், குடிக்க மட்டும் கிடையாது. மணலில் பள்ளம் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். பங்குனி முடிந்தால் ஊற்று சுருங்கிவிடும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். சித்திரையில் உப்பும் கலந்து வரும். அந்த நாட்களில் முகம் கழுவுவதற்கே அம்மா திட்டுவாள். மீனுக்கு ஒரு சொம்பு என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒருநாள் கூடையை இறக்கி வைத்த களைப்பில் சொல்லிவிட்டாள், ஏரித் தண்ணீரையே ஊற்ற வேண்டியதுதானே, ஏரியில் மீன் இல்லையா என்று. அண்ணி மறுநாளிலிருந்து தனக்குக் கொடுத்த குடிக்கிற தண்ணீரில் பாதியை மண்சட்டியில் ஊற்றி வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

காலை நேரத்தில் அம்மா விற்கப் போயிருப்பாள், அண்ணி பின்பக்கம் கருவாடு உலர்த்திக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் நான் தெருவிலிருந்த என் வயதுப் பெண்களைக் கூட்டி வருவேன். அண்ணியின் கைக்கண்ணாடியை எடுத்துப் பாட்டிலுக்கு எதிரே பிடிப்பேன். மீன் தன் உருவத்தையே வேறொரு மீன் என்று நினைத்துக்கொண்டு செவுளை விரித்து, றெக்கை மொத்தத்தையும் விறைத்துக்கொண்டு கண்ணாடியில் வந்து முட்டும். பெண்கள் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். அதுவரை யாரும் என்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்ள அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்தக் கொஞ்ச நாள் எங்கள் தெருவில் நான்தான் ராணி. தினமும் முட்டி முட்டி அந்த மீன் எவ்வளவு களைத்துப்போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது எனக்காக ஆடுகிறது என்று நினைத்தேன்.

அவர்களில் ஒருத்தி சொன்னாள், பாவம், மொட்டைப் பாட்டிலில் தனியாக இருக்கிறது, ஒளிந்துகொள்ள ஒரு வீடு வேண்டாமா என்று. எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஏரிக்கரைக்குப் போய், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்த சிப்பி ஒன்றைப் பொறுக்கி வந்தேன். கரையில் செருப்பில்லாமல் நடந்தால் காலைக் கிழிக்கிற அதே சிப்பிதான். கழுவிப் பாட்டிலுக்குள் இறக்கினேன். அழகாகத்தான் இருந்தது. பிறகு வழக்கம்போல் கைக்கண்ணாடியைக் காட்டினேன்.

மீன் பாய்ந்தது. திரும்பும்போது வால் சிப்பியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. உதறியது. அவ்வளவுதான். வால் இரண்டு இடத்தில் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போய்விட்டார்கள். நான் கையை விட்டுச் சிப்பியை எடுத்துக்கொண்டு ஓடி, ஏரியில் எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தேன்.

அண்ணி அன்று மாலையே பார்த்துவிட்டாள். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கிழிந்த ஓரம் வெள்ளையாகப் பூத்து, அதற்கு உள்பக்கம் சிவப்பாகக் கோடு ஓடியிருந்தது. றெக்கை அழுக ஆரம்பித்துவிட்டது. மீன் அடியில் போய்ச் சாய்ந்து கிடந்தது. நைனாவும் அண்ணனும் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம், அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி பாட்டிலைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

"அத்தை, ஏரித் தண்ணி ஊத்துனீங்களா?"

அம்மாவின் கை சோற்றுப்பானையிலேயே நின்றது. புருஷனும் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்து மூன்று மாதம் ஆகாத மருமகள் கேட்கிறாள்.

"ஊத்துனா இன்னா? அதுவும் மீனுதான?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் அவளைச் சொல்லவிடவில்லை. கேட்டவர்கள் காதில் அது ஆமாம் என்றே விழுந்தது. அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். நைனா அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

"ஒரு புள்ள ஆசையா வெச்சினு இருந்துச்சி. அதுல போயா உன் கோவத்த காட்டுவ?"

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம். அண்ணி ஆனி மாதம் தொடங்கும்போதே கிளம்பினாள். சீக்கிரமாக அழைத்துப் போகிறார்கள் என்று ஊரார் நினைத்தார்கள். அந்த நிலைமையில் மீனைப் படகிலும் பஸ்ஸிலும் குலுக்கிக் கொண்டுபோனால் செத்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டுப் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, தெனம் தண்ணிய மட்டும் மாத்து. மறந்துடாத."

அந்த வீட்டில் அவள் நம்பிய ஒரே ஆள் நான்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பயத்தில் செய்தேன். விடிந்ததும் சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போவேன். நைனாவோடு படகில் பழவேற்காட்டுக்குப் போய், கடைத்தெருவின் கடைசியில் நின்ற வாதாமரத்தடியில் சருகு பொறுக்குவேன். பச்சையைத் தொடக்கூடாது, தானாக உதிர்ந்து காய்ந்ததுதான் வேண்டும் என்று அண்ணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது. கைக்கண்ணாடியைத் துணியில் சுற்றி அண்ணி விட்டுப்போயிருந்த டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். தெருப்பெண்கள் வந்து கூப்பிட்டார்கள், மீன் செத்துப்போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

வீடு வீடாக இல்லை. அண்ணன் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். நைனா தேவைக்கு மட்டும், அதுவும் என் வழியாகப் பேசினார். "தீப்பெட்டி எங்கனு உங்கம்மாவ கேளு" என்பார், அம்மா இரண்டடி தூரத்தில்தான் இருப்பாள். அம்மாவுக்கும் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு தாய் வீடு இருந்தது. கோபித்துக்கொண்டு அவள் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. போனால் மறுநாள் கூடையை யார் தூக்குவது? காலையில் கிளம்புவாள், வெயில் ஏறியதும் திரும்புவாள், சமைப்பாள், ஒதுங்கி உட்காருவாள்.

ஒருநாள் நான் காய்ச்சலில் தூங்கிப்போனேன். எழுந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பதறி ஓடிப் பார்த்தால், பாட்டிலில் தண்ணீர் மாறியிருந்தது. மண்சட்டியில் மறுநாளைக்கான தண்ணீர் ஊற்றித் தட்டால் மூடியிருந்தது. வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. அதற்குப் பிறகு கவனித்தேன், மண்சட்டி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

சிவப்புக் கோடு முதலில் மறைந்தது. அப்புறம் வெள்ளைப் பூப்பு உதிர்ந்தது. வால் பாதியாகிவிட்டது, ஆனால் மீன் மேலே வந்து புழு தின்ன ஆரம்பித்தது. ஆடி பிறந்த சமயம், அம்மா வாசலில் உட்கார்ந்து மடவை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். ஆயிரக்கணக்கான மீன்களை அறுத்துப் பார்த்த கண்.

"வாலு ஓரத்துல கண்ணாடி மாரி ஒண்ணு கீது பாரு. புதுசா வளருது."

எனக்குத் தெரியவில்லை. அவள் மீன்வாடை அடிக்கிற ஈர விரலால் பாட்டிலைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. கிழிசலுக்கு வெளியே நிறமே இல்லாமல், தண்ணீரோடு தண்ணீராக ஒரு மெல்லிய விளிம்பு. அவள் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. சிப்பியைப் பற்றிச் சொன்னேன், கைக்கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன், தெருப்பெண்கள் வந்துபோனதைச் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா கையிலிருந்த மடவையை முழுதாகக் கழுவி முடித்தாள்.

"அப்ப நான் ஊத்தலனு இந்த வூட்ல உனக்கு மட்டுந்தான் தெரிஞ்சினு இருந்துச்சி."

அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேன்.

மறுநாளைக்கு மறுநாள் அவள் விற்கப் போகவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டாள். பாட்டிலின் வாயைத் துணியால் கட்டி, ஈரத் துண்டால் சுற்றி எடுத்துக்கொண்டாள். பட்டணத்துக்குப் போகிறோம், நீயே உன் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். படகில், பஸ்ஸில், பொன்னேரி ஸ்டேஷனில், ரயிலில் என்று அந்தப் பாட்டிலை அவள் மடியை விட்டு இறக்கவே இல்லை. என்னிடம் ஒரு நொடிகூடக் கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்ன விலை என்று கேட்டாள்.

"விக்கறது இல்ல. வளக்கற மீனு" என்றாள் அம்மா.

கொருக்குப்பேட்டையில் இறங்கி விசாரித்து விசாரித்து நடந்தோம். அண்ணி வாசலிலேயே இருந்தாள். எங்களை வாங்க என்று சொல்வதற்கு முன் துண்டை விலக்கி மீனைப் பார்த்தாள். தூக்கி, திருப்பி, வால் ஓரம் முழுக்கப் பார்த்தாள். அந்த நிறமில்லாத விளிம்பில் அவள் கண் நின்றது. நான் ரயிலில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், குழறிக் குழறிச் சொல்லி முடித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பவே இல்லனு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அத்தை."

"நீயும் எல்லார் எதிர்லயும் கேக்காம இருந்திருக்கலாம்."

பிறகு அண்ணி உள்ளே போய், பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா சொம்பு காலியாகும்வரை நிறுத்தாமல் குடித்தாள்.

அப்போது அண்ணிக்குப் பத்தொன்பது வயது. அம்மாவுக்கு நாற்பது ஆகியிருக்காது, இன்றைக்கு என் மூத்த மகளைவிடச் சின்னவள். ஒரு மீனுக்காகவா இவ்வளவு என்று எங்கள் சொந்தத்தில் ரொம்ப நாள் பேசிச் சிரித்தார்கள். புது வீட்டில் அண்ணிக்கு என்று இருந்தது அந்தப் பாட்டில் ஒன்றுதான் என்பது சிரித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவிடம் நிஜமாகவே ஊற்றினாயா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணி ஆவணியில் மீனோடு திரும்பி வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மறுவருஷம் மழைக்காலம்வரை உயிரோடு இருந்தது. வால் முழுக்க வளர்ந்தது, ஆனால் வளர்ந்த பகுதி மட்டும் கொஞ்சம் வெளிறின நீலம். அண்ணி எனக்குத் தலை வாரிவிட்டாள், பாடம் சொல்லிக் கொடுத்தாள், ஆனால் அந்தப் பாட்டிலை என் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்துப் பலகை போட்டு வைத்தாள். அவள் செய்தது சரிதான்.

எனக்குச் சொல்ல வேண்டியது பட்டணத்திலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம்தான். மீனை அண்ணியிடமே விட்டுவிட்டு வந்தோம். ரயிலில் அம்மா உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள். பொன்னேரி வரும்வரை நான் அசையவில்லை. படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நைனாவும் அண்ணனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா வீட்டிலிருந்து மடவைக் குழம்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அம்மா உள்ளே போய் முகம் கழுவ ஆரம்பித்தாள். நான் அவர்கள் முன்னால் நின்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அண்ணியிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நைனா என்னைத் திட்டவில்லை. சொல்லி முடித்த பிறகும் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அம்மா வந்து தூணோரம் நின்றாள்.

"நீ துன்னியா?" என்றார் நைனா. என் வழியாக இல்லை, அவளைப் பார்த்தே கேட்டார்.

"எங்க. இப்பதான வரேன்."

"வா, குந்து."

எங்கள் வீட்டில் ஆம்பளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா தட்டு வைப்பாள். அன்றைக்கு நைனா தானே எழுந்துபோய் அவளுக்குத் தட்டு எடுத்து வந்தார். அவர் கரண்டி பிடித்து நான் பார்த்ததே இல்லை. சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார், பாதி தரையில் சிந்தியது. மடவையின் நடுத்துண்டு அவருக்குத்தான் என்பது எழுதாத சட்டம். அதைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். அம்மா வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முள்ளை ஒதுக்கி, நிதானமாக, முழுத்துண்டையும் தின்றாள்.